‘டு’ வேண்டாத இடங்கள்: குமுளிப் பக்கத்து ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர்ப் பிள்ளைகள் பலருக்கு மலைக்கு மேலே, கேரள எல்லையில் இருக்கிற குமுளியில்தான் பிழைப்பு. ஜீப் ஓட்டுகிறார்கள், ஏலக்காய், மிளகுக் கடைகளில் நிற்கிறார்கள், லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறார்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், தேக்கடிப் படகுக்கு வருகிறவரிடம் ஆங்கிலம் என்று மூன்று மொழியும் ஒரே நாளில் பேசியாக வேண்டும். இவர்கள் பேசும் ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தடுக்குவதெல்லாம் டு, இன், ஆஃப்டர், பை மாதிரியான பொடிச் சொற்களில்தான். அதுவும் இடத்தையும் நேரத்தையும் குறிக்கிற வினையடைகளோடு இவை சேரும்போது.

குமுளியில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ‘ஷாப் ஷிஃப்டட் டு அப்ஸ்டேர்ஸ்’ என்று முத்து முத்தாக எழுதி, மாடிப்படிப் பக்கம் சிவப்பு அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அதில் ‘டு’ வரக் கூடாது. ‘ஷாப் ஷிஃப்டட் அப்ஸ்டேர்ஸ்’, அவ்வளவுதான்.

அந்த ‘டு’ எப்படி உள்ளே வந்தது? தமிழில் நாம் ‘மேலே போ’, ‘இங்கே வா’, ‘அங்கே வை’ என்கிறோம். ‘மேலேக்குப் போ’ என்று யாரும் சொல்வதில்லை. போகிற திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ், அப்ராட், சம்வேர் எல்லாம் இதே ஜாதி. ஆனால் மலையாளத்தில் ‘முகளிலேக்கு’ என்று உருபு சேர்த்துச் சொல்வார்கள். நாள் முழுக்க அதைக் கேட்கிற காதுக்கு ‘டு அப்ஸ்டேர்ஸ்’ சரியாகவே படும். தமிழை மட்டும் நம்பியிருந்தால் இந்த இடத்தில் தப்பித்திருக்கலாம்.

தமிழே காலை வாரிவிடுகிற இடம் ஹோம். ‘வீட்டுக்குப் போறேன்’ என்பதில் நாலாம் வேற்றுமை ‘கு’ இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போய் ‘ஐ ஆம் கோயிங் டு ஹோம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘கோயிங் ஹோம்’தான். பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவம் ‘வீட்டை நோக்கி’ என்ற பொருளில் வினையடையாக வழங்கியது. அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை. ஆனால் யாருடைய வீடு என்று சொல்லிவிட்டால் அது சாதாரணப் பெயர்ச்சொல் ஆகிவிடும், அப்போது ‘டு’ வேண்டும்: ‘கம் டு மை ஹோம்’. வீட்டிலேயே இருப்பதைச் சொல்ல ‘அட் ஹோம்’.

டுமாரோவும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். அதன் தலையிலேயே ஒரு ‘டு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலப் புத்தகங்களில்கூட டுடே, டுமாரோ, டுநைட் மூன்றையும் ‘டு’வுக்குப் பின்னால் சிறு கோடு போட்டுப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். ‘நாளைக்கு’ என்பதில் ‘கு’ வருகிறதே என்று நாம் ‘ஆன் டுமாரோ’ என்று சொன்னால் ஒரே வேலைக்கு இரண்டு உருபு ஆகிவிடும். இதே போல லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ் என்று தொடங்கும் நாள், வாரங்களுக்கு முன்னாலும் ஆன், இன் வராது. ‘ஆன் லாஸ்ட் சண்டே’ இல்லை, ‘லாஸ்ட் சண்டே’.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பொடிச் சொல்லையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. உள்ளே அடங்கியிருப்பது ‘போய்ச் சேரும் இடம்’, ‘நடக்கும் நாள்’ என்ற பொருள் மட்டும். வேறு பொருள் வேண்டுமானால் அதற்கான சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும். தமிழிலும் ‘இங்கே’ தனியாக நிற்கும், ‘இங்கிருந்து’ என்றால் உருபு வரும். அதனால் ஃப்ரம் ஹியர், ஃப்ரம் ஹோம், நியர் ஹியர், பை டுமாரோ, டில் டுமாரோ எல்லாமே சரி.

நம் மலைப் பாதைக்கென்றே அமைந்த மாதிரி இன்னொரு சேர்க்கை இருக்கிறது. அப், டவுன் இரண்டும் ஹியர், தேரோடு அழகாகச் சேரும். குமுளியில் நின்றுகொண்டு ‘இட்ஸ் கோல்ட் அப் ஹியர், பட் ஹாட் டவுன் தேர் இன் கம்பம்’ என்று சொல்லிப் பாருங்கள், மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ‘வரைக்கும்’ என்ற நினைப்பில் ‘திஸ் பஸ் கோஸ் அப் டு கம்பம்’ என்று அதே இடத்தில் சொன்னால், மலையிறங்குகிற பஸ்ஸுக்கு ஏறுகிற சொல்லைக் கொடுத்துவிடுகிறோம். கேட்பவர் புது ஆளாக இருந்தால், கம்பம் இன்னும் உயரத்தில் இருக்கிற ஊர் என்று நினைக்க இடம் உண்டு. அங்கே ‘அஸ் ஃபார் அஸ் கம்பம்’ என்பதே தெளிவு. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் நின்று ‘அப் டு குமுளி’ என்றால் எந்தக் குழப்பமும் இல்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை காதை உறுத்துகிற தவறுகள், பொருள் கெடாது. ‘டு ஹோம்’ என்று சொல்கிறவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஆனால் ஒரு தவறு நிஜமாகவே ஆளை ஏமாற்றிவிடும். அதை முதலில் திருத்திக்கொள்ளச் சொல்வேன்.

‘பத்து நிமிஷம் கழிச்சு ஜீப் கிளம்பும்’ என்பதை ‘த ஜீப் வில் லீவ் ஆஃப்டர் டென் மினிட்ஸ்’ என்கிறோம். நம் மனதில் இருப்பது சரியாகப் பத்தாவது நிமிஷம். கேட்கிற வெளிநாட்டுக்காரருக்கோ பத்து நிமிஷம் தாண்டி எப்போது வேண்டுமானாலும் என்றே படலாம். அவர் டீ சொல்லிவிட்டு நிதானமாக உட்காருவார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லை. இப்போதிலிருந்து எண்ணும்போது ‘இன் டென் மினிட்ஸ்’ என்பதே சொல். ஆஃப்டருக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சியோ மணியோ வரட்டும்: ஆஃப்டர் லஞ்ச், ஆஃப்டர் ஃபோர்.

‘நாலு மணிக்குள்ள வந்துருங்க’ என்பதற்கு ‘விதின் ஃபோர் ஓ கிளாக்’ சொல்வதும் இதே குடும்பம். விதின் கால அளவோடுதான் சேரும், விதின் அன் அவர் என்பது போல. கடிகார மணிக்குச் சொல் ‘பை’. ‘பி பேக் பை ஃபோர்’ என்றால் நாலுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆகக் கூடாது என்று அர்த்தம். ‘டில் ஃபோர்’ என்று மாற்றிச் சொன்னால் நாலு மணிவரை அங்கேயே இருங்கள் என்று ஆகிவிடும். காட்டுக்குள் ஆளை இறக்கிவிடுகிற டிரைவர்கள் இந்த இரண்டையும் நன்றாகப் பிரித்துத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பின்னோக்கி எண்ணும்போது ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்பது ‘பிஃபோர் டூ டேஸ்’ ஆகாது, ‘டூ டேஸ் அகோ’. அகோ எப்போதும் கால அளவுக்குப் பின்னால்தான் வரும், இப்போதிலிருந்து மட்டுமே எண்ணும். வேறொரு நாளிலிருந்து எண்ணினால்தான் பிஃபோர்: ‘டூ டேஸ் பிஃபோர் பொங்கல்’.

பக்கத்தைச் சொல்லும் சொற்களில் மனப்பாடம் தவிர வழி கிடையாது. நெக்ஸ்ட், க்ளோஸ் இரண்டுக்கும் ‘டு’ வேண்டும். நியர், ஆப்போசிட் இரண்டுக்கும் வேண்டாம், ‘நியர் த செக்போஸ்ட்’ போதும். நியர்பை தனியாக நிற்கும், அதன் பின்னால் இடத்தின் பெயரை ஒட்டக் கூடாது. ரிட்டர்னுக்குப் பின்னால் ‘பேக்’ வேண்டாம்.

கடைசியாக ஒன்லி. நம் ‘தான்’ இரண்டு வேலை செய்கிறது. ‘வேறில்லை, இது மட்டும்’ என்று வரையறுப்பது ஒன்று, ‘இதுவேதான்’ என்று அழுத்துவது இன்னொன்று. ஒன்லிக்கு முதல் வேலைதான் தெரியும். ‘நேத்துதான் வந்தேன்’ என்பதை ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’ என்று வினைக்கு முன்னால் வைத்துச் சொல்லலாம். ஆனால் மிளகு, ஏலக்காய்க் கடையில், ஏலக்காய்க்குப் பேர்போன வண்டன்மேட்டை நினைத்து ‘இது வண்டன்மேட்டு ஏலக்காய்தான் சார்’ என்பதைப் பெருமையாக ‘திஸ் இஸ் வண்டன்மேடு கார்டமம் ஒன்லி’ என்று சொன்னால், ‘வெறும் வண்டன்மேட்டுச் சரக்குதான்’ என்று குறைத்துச் சொன்ன மாதிரியும் கேட்கும். ‘திஸ் கார்டமம் இஸ் ஃப்ரம் வண்டன்மேடு’ என்று ஊர்ப் பெயரில் குரலை ஊன்றிச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘தான்’ போடுவது குரல்தான்.