நாய்க்கு மோப்ப விளையாட்டு: வீட்டு ஹால்லயே ஆரம்பிக்கலாம்

நாய் வாங்கின புதுசுல சிட், ஸ்டே, ஷேக் ஹேண்ட் எல்லாம் சொல்லிக்குடுத்துடறோம், ஆனா அதோட மூக்குக்கு மட்டும் ஒரு வேலையும் குடுக்கறதில்ல. நம்ம மூக்குல வாசனை பிடிக்கற ஏற்பிகள் சுமார் 50, 60 லட்சம்தான், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடியும் தாண்டும். அப்படி ஒரு மூக்கை வெச்சுக்கிட்டு வேளச்சேரி ஃப்ளாட்ல நாள் பூரா சும்மா படுத்திருந்தா அது சோஃபாவைக் கடிக்காம வேற என்ன பண்ணும்?

லேப்ரடாரோ சிப்பிப்பாறையோ, தெருவுலேர்ந்து எடுத்து வளர்க்கற நாட்டு நாயோ, ஒளிச்சு வெச்ச தீனியை மோப்பம் பிடிச்சு கண்டுபிடிக்கற இந்த விளையாட்டு எதுக்கும் வரும். எங்க கருப்பன் நாட்டு நாய்தான், லிஃப்ட் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுவான், அவனை வெச்சுதான் இதெல்லாம் எழுதறேன்.

என்னென்ன வேணும்

ஆன்லைன் டெலிவரியில வந்த அட்டைப்பெட்டி அஞ்சாறு, டேப்பும் பின்னும் பிச்சுட்டு வெச்சுக்குங்க. உப்பு காரம் போடாம வேகவெச்ச சிக்கன், நகம் அளவு துண்டா. சைவ வீடுன்னா பனீர் போதும். குழம்புலேர்ந்து எடுத்த கறி மட்டும் வேணாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

நம்ம ஊர் வெயிலுக்கு காலையில ஏழு மணிக்குள்ள வெச்சுக்கறது நல்லது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கற நாயால ஒழுங்கா மோப்பம் பிடிக்க முடியாது. பக்கத்துல தண்ணி இருக்கட்டும்.

ஸ்டெப் 1: பெட்டியில ஒளிச்சு வைங்க

நாயை வேற ரூம்ல விட்டுட்டு, திறந்த பெட்டிகளை ஹால்ல பரப்பி ஒண்ணுல மட்டும் சிக்கன் போடுங்க. உள்ள விட்டு "தேடு"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. கண்டுபிடிச்சதும் அந்த பெட்டிக்குள்ளயே இன்னும் ரெண்டு துண்டு போடணும், கையில குடுத்தா அது பெட்டியை விட்டுட்டு உங்க கையைத்தான் தேடும். ரெண்டு மூணு நிமிஷத்துல நிறுத்திடுங்க, இன்னும் வேணும்னு அது கேக்கும்போதே முடிச்சிடணும்.

ஸ்டெப் 2: நீங்க வாயை மூடுங்க

கஷ்டமானது இதுதான், அதுவும் நாய்க்கு இல்ல, நமக்கு. சிக்கன் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும், நாய் அதைத் தாண்டிப் போறப்போ கை தன்னால நீளும், கண்ணு அந்த பெட்டிக்கே போகும், "இங்க பாருடா"ன்னு வாய் வரைக்கும் வந்துடும். நாய் இதெல்லாத்தையும் படிச்சிடும், அப்புறம் மூக்கை விட்டுட்டு உங்க மூஞ்சியைப் பார்க்க ஆரம்பிச்சிடும்.

2011ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல இதைப் பரிசோதிச்சாங்க. 18 தொழில்முறை மோப்ப நாய்கள், அதைப் பழக்கறவங்களோட. எந்த ரூம்லயும் எதையும் ஒளிச்சு வைக்கல, ஆனா சில இடத்துல சிவப்பு பேப்பர் ஒட்டி அங்கதான் இருக்குன்னு பழக்கறவங்க கிட்ட சொல்லிட்டாங்க. மொத்தம் 144 தேடல், அதுல 21ல மட்டும்தான் "இங்க இருக்கு"ன்னு ஒரு தப்பான அறிவிப்பும் வரல. பழக்கறவங்க மனசுல இருக்கற நம்பிக்கை அந்த அளவுக்கு வேலை செய்யுது.

அதனால கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க, மெதுவா நடங்க, ஒரே இடத்துல முறைச்சுப் பார்க்காதீங்க. பையன் கணக்கு போடறப்போ பக்கத்துல உக்காந்து விடை தெரிஞ்சும் சொல்லாம காத்திருக்கற பொறுமை எனக்கு கருப்பன் பின்னால நின்னு நின்னு வந்ததுதான், இதை நான் மனசாரச் சொல்றேன்.

சும்மா நிக்கறப்போதான் நிறைய தெரியும். வாசனை சிக்கினா கருப்பன் போயிட்டிருக்கற வேகத்துல தலை மட்டும் வெடுக்குன்னு திரும்பும், திறந்திருந்த வாய் மூடிக்கும், மூச்சு சின்னச் சின்னதா புஸ் புஸ்னு கேக்கும், வால் ஆட்டம் மாறும். உங்க நாய்க்கு என்ன மாறுதுன்னு கவனிச்சு வைங்க, ஃபோன்ல வீடியோ எடுத்துப் பார்த்தா இன்னும் நல்லாத் தெரியும்.

ஸ்டெப் 3: காத்தைப் புரிஞ்சுக்குங்க

வாசனை வெச்ச இடத்துலயே நிக்காது, காத்தோட போகும், சுவர் மூலையில போய்த் தேங்கும். முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணிட்டு விளையாடுங்க, பழகினப்புறம் போடுங்க. நாய் விளையாடாத ஒரு நாள்ல ஊதுபத்தி ஒண்ணு ஏத்தி அந்தப் புகை ஹால்ல எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, பெட்டி இங்க இருக்கறப்போ நாய் ஏன் அந்த மூலையில சுத்துதுன்னு அப்போ விளங்கும். அது தப்பு பண்ணல, காத்து கொண்டுபோன வழியிலதான் வருது.

ஸ்டெப் 4: வேற யாராவது ஒளிக்கட்டும்

உங்களுக்கே எங்கன்னு தெரியக்கூடாது. எங்க வீட்டுல அம்மாதான் ஒளிச்சு வெச்சுட்டு சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. இப்போ நாயை நம்புறதைத் தவிர உங்களுக்கு வேற வழியில்ல. பயந்த நாய்க்கு தைரியம் வர்றதும் இந்தக் கட்டத்துலதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா முடிவு முழுக்க அதோடது. 2019ல டுரான்டன், ஹொரோவிட்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதோட சம்பந்தப்பட்ட ஒண்ணைப் பார்த்தாங்க, மோப்ப விளையாட்டால நாய்க்கு நம்பிக்கை கூடுதான்னு. ரெண்டு வாரம் மோப்ப விளையாட்டு விளையாடின நாய்ங்க, உள்ள தீனி இருக்கா இல்லையான்னு சந்தேகமா வெச்ச கிண்ணத்துக்கு முன்னைவிட வேகமா போச்சு, ஆளோட ஒட்டி நடக்க மட்டும் பழக்கின நாய்ங்ககிட்ட அந்த மாற்றம் வரல.

ஸ்டெப் 5: லவங்கம்

மோப்பப் போட்டிகள்ல பிர்ச்ங்கற மரம், சோம்பு, லவங்கம் இதோட வாசனைகளைத் தேட விடறாங்க. நமக்கு சுலபமா கிடைக்கறது லவங்க எண்ணெய். காட்டன் பட்ஸ்ல ஒரு சொட்டு விட்டு, மூடியில சின்ன ஓட்டை போட்ட தகர டப்பாவுல அடைச்சு, அதை சிக்கனோட சேர்த்தே ஒளிச்சு வைங்க. வாசனை பழகினப்புறம் சிக்கனை எடுத்துட்டு டப்பாவை மட்டும் வைக்கலாம், கண்டுபிடிச்சதும் அங்கயே சிக்கன். எண்ணெயை நாய் நக்கவே கூடாது, டப்பாவைக் கடிக்கவும் விடாதீங்க. சொட்டு விடற வேலையை பால்கனியில முடிச்சுட்டு கையை நல்லா கழுவிட்டு வாங்க, இல்லன்னா நீங்க தொட்ட எல்லா பெட்டியும் லவங்கமா மணக்கும்.

ஹால்ல நல்லா வந்தப்புறம் மொட்டை மாடி, அப்புறம் கார் பார்க்கிங். பெசன்ட் நகர் பீச்சுக்கு அவசரப்படாதீங்க, அங்க கடல்காத்து, மீன் வாசனை, சுண்டல் பேப்பர், மத்த நாய்ங்கன்னு எல்லாம் ஒண்ணா வந்து மோதும். அங்க போனா திரும்பவும் திறந்த பெட்டி, சிக்கன்னு ஸ்டெப் 1லேர்ந்து ஆரம்பிங்க, லீஷ் போட்டுக்கிட்டே.