"சைபர்தான் சார் காட்டுது": எண்ட்கேமில் என்ஜினைத் தப்பாகப் படிப்பவர்களுக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செஸ் ஆட வருவார்கள். போன மாதம் ஒரு பையன் தோற்ற ஆட்டத்தோடு வந்தான். முகத்தில் தோற்ற வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம். போனை நீட்டி, "பாருங்க சார், சைபர்தான் காட்டுது. டிரா பொசிஷன். எப்படி சார் தோத்தேன்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்து அல்ல, பல வருடம் முன்பு இதே கேள்வியைக் கேட்ட என்னை நினைத்து.

கடிகாரத்தை அமுக்க மறப்பது, தொட்ட காயை ஆடாமல் விடுவது போன்றவை இங்கே வராது. அதெல்லாம் இரண்டு ஆட்டம் தோற்றால் தானாகச் சரியாகிவிடும். காய்கள் குறைந்தபின், அதாவது எண்ட்கேமில், என்ஜின் (பொசிஷனை எடைபோட்டுச் சொல்லும் செஸ் நிரல்) காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதில் நடக்கும் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. என் தாத்தா யானை, மந்திரி என்பார். பிள்ளைகள் ரூக், பிஷப் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

+1 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று நினைப்பது

ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான். 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல என்ஜின் தன் 12ஆம் பதிப்பில் நியூரல் நெட்வொர்க்கை உள்ளே கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் வந்த 15.1இலிருந்து எண்ணின் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். இப்போது +1.00 என்றால், அதே என்ஜின் இரண்டு பக்கமும் ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்று பொருள். ஆடுவது நீங்களும் பக்கத்துத் தெரு நண்பரும் என்று அதற்குத் தெரியாது.

சைபரை "சுலபமான டிரா" என்று படிப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டி, கடைசி ரவுண்டு. அரைப் புள்ளி கிடைத்தால் பரிசுப் பட்டியலில் இடம் உண்டு. எதிராளியிடம் ரூக், பிஷப், ஒரு சிப்பாய். என்னிடம் ரூக்கும் மூன்று சிப்பாய்களும். எனக்கு இரண்டு வழி இருந்தது. சிப்பாய்களை வைத்துக்கொண்டு, ஓரத்துச் சிப்பாயை ஓட்டிக்கொண்டே போராடலாம். அல்லது என் சிப்பாய்களைக் கொடுத்து அவருடைய கடைசிச் சிப்பாயை எடுத்துவிடலாம். அப்புறம் ரூக்கை எதிர்த்து ரூக்கும் பிஷப்பும் மட்டும் மிஞ்சும்.

இதே மாதிரி பொசிஷனை முந்தின மாதம்தான் வீட்டில் அலசியிருந்தேன். முதல் வழிக்கு −0.6, இரண்டாவதுக்கு 0.00. மண்டபத்தில் உட்கார்ந்தபோது அந்த இரண்டு எண்ணும் கண்முன் நின்றன. மைனஸை யார் தேடிப் போவார்கள்? சைபருக்குப் போனேன்.

பிஷப் ராஜாவை விளிம்புக்கு நெருக்கியது. ரூக்கை எங்கே வைத்தாலும் மேட் மிரட்டல். அங்கிருந்து 31ஆவது நகர்த்தலில் ரூக்கை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். இன்னும் 19 நகர்த்தல் தாக்குப்பிடித்திருந்தால் 50 நகர்த்தல் விதியைச் சொல்லி டிரா கேட்டிருக்கலாம் (வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்பது விதி). ராத்திரி பஸ்ஸில் போனைத் திறந்து பார்த்தேன். 30 நகர்த்தலுக்கும் 0.00, 0.00, 0.00. 31ஆவதில் "14இல் மேட்".

அந்த 30 சைபர்களில் பாதிக்கு மேல், ஒரே ஒரு நகர்த்தல்தான் ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அதை ஆடியிருந்தேன், பெரும்பாலும் குருட்டு அதிர்ஷ்டத்தில்.

என்ஜின் ஏன் இப்படிச் சொல்கிறது? காய்கள் ஏழோ அதற்குக் குறைவோ ஆனதும் யோசிக்கவே தேவையில்லாதபடி டேபிள்பேஸ் என்று ஒன்று இருக்கிறது. எல்லா மேட் பொசிஷன்களிலிருந்தும் பின்னோக்கி ஒவ்வொரு நகர்த்தலாக நடந்து, ஒவ்வொரு பொசிஷனுக்கும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று எழுதி வைத்த பெரிய அட்டவணை. அதில் ஊகம் இல்லை, முடிவு மட்டும்தான். ஆனால் அந்த முடிவு, இரண்டு பக்கமும் ஒரு தவறும் செய்யாமல் ஆடினால் வரும் முடிவு. வெறும் ராஜாவும் ராஜாவும் நிற்கும் பலகைக்கும் 0.00தான். பிஷப்பும் ரூக்கும் உங்களைக் கழுத்தில் பிடித்திருக்கும் பலகைக்கும் 0.00தான். அட்டவணைக்கு இரண்டும் ஒன்று.

நான் விட்டுவந்த −0.6 பொசிஷனில் மனிதன் காப்பாற்றிக்கொள்ள நாலைந்து வழி இருந்தது. சைபரில் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை.

உலகச் சாம்பியன்களுக்கும் இது பொருந்தும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், இரண்டு பக்கமும் ரூக்கும் பிஷப்பும். டிராவில் முடியக்கூடிய பொசிஷன்தான். 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் ரூக்கை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய பிஷப் மூலையில் மாட்டியிருந்ததால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சிய சிப்பாய் எண்ட்கேமில் அவருக்குத் தோல்விதான்.

சரி, என்ன செய்வது? என்ஜின் முதலில் சொல்லும் ஒரு நகர்த்தல் வரிசையை மட்டும் பார்க்காதீர்கள், ஐந்து வரிசை திறந்து வையுங்கள். ஐந்திலும் 0.00 என்றால் நிம்மதி. முதல் வரிசையில் மட்டும் சைபர், மற்ற நாலிலும் மேட் என்றால் அது கயிற்றின் மேல் நடை. அந்தப் பக்கம் போகுமுன் காப்பாற்றும் முறையைக் கையால் ஆடிப் பழகியிருக்க வேண்டும். ரூக், பிஷப் கூட்டணிக்கு எதிராக இரண்டு முறை தெரிந்தால் போதும். ஒன்று காக்ரேன் தற்காப்பு: நம் ரூக்கால் பிஷப்பை அதன் ராஜாவோடு சேர்த்து 'பின்' (pin) செய்து நகரவிடாமல் வைப்பது. இன்னொன்று, ராஜாவும் ரூக்கும் இரண்டாம் வரிசையிலேயே சேர்ந்து நிற்பது. இரண்டும் எனக்கு அந்த மண்டபத்தில் தெரியாது.

பெரிய எண்ணைப் பார்த்ததும் காய்களை மாற்றித் தீர்ப்பது

ஒருமுறை ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கினோம். பனிமூட்டம், சிக்னல் இல்லை. போனில் இருந்த பழைய ஆப் +3 காட்டியது. ஜெயித்தாயிற்று என்று என் மாணவி ஒருத்தி மற்ற எல்லாக் காய்களையும் மாற்றிவிட்டாள். கடைசியில் ஒரு வெள்ளைக் கட்ட பிஷப்பும் எச் வரிசைச் சிப்பாயும் மிஞ்சின. அந்தச் சிப்பாய் ராணியாகும் எச்8 கறுப்புக் கட்டம். எதிராளியின் ராஜா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பிஷப்பால் அதை வெளியே தள்ளவே முடியாது. டிரா.

எதிரெதிர் நிறப் பிஷப்புகளில் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஜெயிக்க முடியாமல் போகும். இரண்டு குதிரைகளை வைத்து வெறும் ராஜாவைக் கட்டாயப்படுத்தி மேட் செய்யவே முடியாது. இப்படிப் பிரபலமானவற்றை இன்றைய என்ஜின்கள் அறியும். ஆனால் காய்கள் சற்றுக் கூடுதலாக இருந்து, எதிராளி உள்ளே நுழைய முடியாத அரண் கட்டி உட்கார்ந்துவிட்டால் அவையும் தடுமாறும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நாலைந்து நகர்த்தல் முன்னே போய்ப் பாருங்கள். ஜெயிக்கும் பொசிஷன் என்றால் எண் ஏறும். 20 நகர்த்தலுக்குப் பிறகும் அதே +3 நின்றால் யாரும் எங்கும் போகவில்லை என்று அர்த்தம்.

ஆப்பில் டேபிள்பேஸ் இருக்கிறதா என்று பார்க்காதது

பாருங்கள்.

என்ஜின் நகர்த்தலை அப்படியே மனப்பாடம் செய்வது

இப்போது அதிகம் புழங்கும் டேபிள்பேஸ் ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்ட சிஸிஜி. ஐந்து காய் வரை ஏறக்குறைய 1 ஜிபி, ஆறு காய்க்கு 150 ஜிபி போல, ஏழு காய்க்கு 17 டெராபைட்டை ஒட்டி. இது மேட் வரை தூரத்தை எண்ணுவதில்லை. அடுத்த வெட்டு அல்லது அடுத்த சிப்பாய் நகர்த்தல் வரை எத்தனை என்று எண்ணும், ஏனென்றால் 50 நகர்த்தல் கணக்கு அங்கேதான் மறுபடி தொடங்குகிறது. அதனால் சில நேரம் காரணமே இல்லாமல் ஒரு காயைத் தூக்கிக் கொடுக்கும். அதற்கு அது சரி. பிள்ளைகள் அதைப் பார்த்து, "இதுதான் பெஸ்ட் மூவ் சார்" என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கண்ணு, நீ ராணியை வைத்துக்கொண்டே ஜெயிக்கலாம்!

50ஐ எண்ணாதது

பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் செய்ய மிக மோசமான பொசிஷனிலும் 33 நகர்த்தல் போதும். நடுவில் ஒருமுறை வழி தவறி மறுபடி தொடங்கினால் 50 தாண்டிவிடும்.

அந்தப் பையனோடு இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்ததும் ரூக் எதிர் ரூக், பிஷப் ஆடுகிறேன். போன் கீழே அலமாரியில். கணக்கு வைக்க ஒரு கிண்ணத்தில் 50 புளியங்கொட்டை, நகர்த்தலுக்கு ஒன்றாகத் தட்டுவடைத் தட்டில் போடுவான். முதல் வாரம் 17இல் மேட். போன ஞாயிறு கிண்ணத்தில் நாலு கொட்டைதான் மிச்சம் இருந்தது.