பியர் பாதியில் நின்றுவிட்டதா? கொட்டிவிடாதீர்கள்

வீட்டில் வாளியில் பியர் நொதிக்கும்போது, ஏர்லாக்கில் (மூடியில் செருகிய, வாயுவை வெளியே விடும் குழாய்) குமிழி நின்றதும் நொதிப்பு பாதியில் நின்றுவிட்டதென்று பலர் பதறிவிடுகிறார்கள். குமிழியை நம்பாதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு பக்கவாட்டில் போய்விடும். வேலை முடிந்த பியரிலும் அறை சூடானால் குமிழி வரும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர் காட்டுவதுதான் கணக்கு. தண்ணீர் 1.000, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும்.

1. ஒரு குவளை பியர் எடுத்து, டீ ஆற்றுவதுபோல் இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்குங்கள். 20 டிகிரிக்கு வந்ததும் அளந்து பாருங்கள். (அதைத் திரும்ப வாளியில் ஊற்ற வேண்டாம், குடித்துவிடலாம்.) 1.050இல் தொடங்கிய சாதாரண ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பியர் வகை) 1.012 பக்கம் வந்திருக்க வேண்டும். மூன்று நாள் கழித்தும் 1.022 என்றே நின்றால் அடுத்ததற்குப் போங்கள்.

2. நின்றதா, முடிந்ததா? இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 200 மில்லி பியரில் உலர் ஏல் ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டு, 25 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். அளவு இறங்கினால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, ஈஸ்ட்தான் தூங்கிவிட்டது. இறங்கவே இல்லையா? மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) 70 டிகிரியில் ஊறவைத்திருப்பீர்கள், அல்லது லாக்டோஸ் (பால் சர்க்கரை) சேர்த்திருப்பீர்கள். அந்தச் சர்க்கரையை ஏல் ஈஸ்ட் தொடாது. உங்கள் பியர் முடிந்துவிட்டது.

3. தூங்குகிறது என்றால் எழுப்புங்கள். இங்கிலாந்தில் என் முதல் குளிர்காலத்தில் கராஜ் 13 டிகிரி, ஏல் 1.024இல் படுத்துவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்து போர்வை சுற்றி, வாளியை மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டேன். நான்காம் நாள் 1.014. 20 முதல் 22 டிகிரி போதும். கரண்டி போட்டு அடிக்காதீர்கள். ஆக்ஸிஜன் புகுந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும்.

4. அதற்கும் அசையாவிட்டால் புது ஈஸ்ட். உலர்ந்த தூளை அப்படியே தூவினால் ஆல்கஹாலில் திணறும். கொஞ்சம் வோர்ட்டில் (நொதிக்காத மால்ட் சாறு) போட்டு, நன்றாக நுரைத்துப் பொங்கும்போது ஊற்றுங்கள். ஷாம்பெயின் ஈஸ்ட் வாங்காதீர்கள். மால்ட்டில் மிஞ்சும் மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையை அது பெரும்பாலும் தின்னாது.

அப்புறம், பாட்டில். மூன்று நாள் அளவு மாறவில்லை என்பது மட்டும் போதாது, தூங்கும் ஈஸ்ட்டும் அப்படித்தான் காட்டும். இரண்டாவது படியில் சோதித்த 200 மில்லி பியர் எந்த எண்ணுக்கு இறங்கியதோ, வாளியும் அதன் பக்கத்தில் வரட்டும். அவசரப்பட்டு அடைத்தால் ஈஸ்ட் பாட்டிலுக்குள் விழித்துக்கொள்ளும், கண்ணாடி வெடிக்கும்.