பெரிய புரொப் நல்லா இழுக்கும் என்று யார் சொன்னது?

மாசி, பங்குனியில் படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் வட்டைகள் வெளித்துவிடும். ரெஜிபோமில் விமானம் செய்கிற பொடியன்மாருக்கு அதுதான் ஓடுபாதை. இறக்கையை நுணுக்கமாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். புரொப்பெல்லரை மட்டும் கடையில் இருந்ததில் பெரியதாகப் பார்த்து வாங்கி வந்திருப்பார்கள். நாங்கள் பழகிய காலத்துக் கூத்துத்தான், ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். நட்டை இறுக்கு, வெடித்த அலகைப் போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

கேவியைப் பார்க்காமல் புரொப் வாங்குவது

காசைத் தின்கிற பிழை இதுதான். இன்றைக்கும் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

2212 என்று விற்கிற மோட்டர்கள் வெளியே பார்க்க ஒரே உருவம். ஒன்றில் 1000 கேவி என்றிருக்கும், இன்னொன்றில் 2200 கேவி. கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்கிற கணக்கு. மூன்று செல் லிப்போ பெட்டரியின் 11.1 வோல்ட்டில் முதலாவது 11,100 சுற்றுக்குப் போகப் பார்க்கும், இரண்டாவது 24,000ஐத் தாண்டப் பார்க்கும். அதனால் முதலாவதற்கு 1045 பொருந்தும்: விட்டம் 10 அங்குலம், பிட்ச் 4.5 அங்குலம். பிட்ச் என்றால் வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம். இரண்டாவதற்கு 6040 போதும்: விட்டம் 6, பிட்ச் 4.

செங்கலடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் 2200 கேவியில் 1045ஐப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"ஆறு இஞ்சி இழுக்கக் காணாதண்ணா. பெரிசு போட்டா நல்லா இழுக்கும்தானே?"

"மோட்டர்ல எழுதியிருக்கிறதப் பாத்தீங்களா தம்பி?"

"கடையில எல்லாம் ஒண்டுதான் எண்டாங்க."

நான் வேண்டாம் என்று சொல்லி முடிக்குமுன் த்ரொட்டிலைத் தள்ளிவிட்டார். இழுத்தது, பொய் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரந்தான். செப்புக் கம்பியின் பூச்சு கருகுகிற நாற்றம் முதலில் வந்தது, பிறகு மோட்டர் இடுக்கால் நூல் போலப் புகை. மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சியின் மேலுறை ஊதிப் பிளந்துவிட்டது. விமானம் நிலத்தை விட்டு எழும்பவேயில்லை.

ஒரே சுற்றில், ஒரே பிட்ச்சில், புரொப் கேட்கிற வலு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். 10ஐ 11 ஆக்கினாலே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 6ஐ 10 ஆக்கினால் ஏழரை மடங்குக்கு மேல். ஒரு மூட்டை நெல் சுமக்கிறவன் தலையில் ஏழெட்டு மூட்டையை ஏற்றுகிற வேலை. மெதனோல் இஞ்சினாவது திணறிக் காட்டும், சுற்று இறங்கும், சூடேறும். மின்மோட்டர் சுற்றை விட்டுக்கொடுக்காமல் இருக்க அம்பியரை இழுத்துக்கொண்டே போகும், எரியும்வரை.

இரண்டு செல்லில் ஒழுங்காக ஓடிய புரொப்பை மாற்றாமல் மூன்று செல்லைச் செருகுவதும் இதே பிழைதான். வோல்ட் ஒன்றரை மடங்கு ஏற, அம்பியர் இரண்டு மடங்கையும் தாண்டப் பார்க்கும்.

பெட்டரிக்கும் ஈ.எஸ்.சிக்கும் நடுவில் ஒரு வொட் மீற்றரைப் பூட்டி, விமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழுத் த்ரொட்டிலில் சில விநாடி ஓட்டிப் பாருங்கள். மோட்டர், ஈ.எஸ்.சி இரண்டிலும் எதன் தாங்குஅளவு குறைவோ அதற்குள் அம்பியர் நிற்க வேண்டும். தாண்டினால் விட்டத்தில் ஒரு அங்குலம் குறையுங்கள். ஆளுக்கொரு மீற்றர் தேவையில்லை, ஊருக்கு ஒன்று இருந்தால் காணும்.

கச்சான் காற்றுக்குப் பிட்ச் போதாமல் போவது

1045 நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால், வழுக்கலே இல்லையென்றாலும் மணிக்கு 55 கிலோமீற்றர்தான். பறக்கும் வேகம் அதிலும் குறையும். கச்சான் எதிரே அடித்தால் விமானம் வானத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். 9 அங்குலத்தில் 6 பிட்ச் போட்டால் அதே சுற்றில் 73 கிலோமீற்றர். விட்டம் குறைந்ததால் சுமையும் கூடாது. ஆனால் எழும்பும்போது இழுவை குறையும். பழகுகிறவர்கள் 1045ஓடு இருந்து, காற்று எழும்புமுன் விடியற்காலையில் வருவதே நல்லது.

திருப்பிப் பூட்டுவது

எழுத்துள்ள முகம் முன்னுக்கு.

ட்ரோனுக்கு வந்த புரொப்

R என்ற எழுத்துள்ளது எதிர்ப்பக்கம் சுற்றுவது. அதைத்தான் போடுவதென்றால் மோட்டரின் மூன்று வயர்களில் எந்த இரண்டையாவது மாற்றிச் செருகுங்கள்.

இஞ்சினில் மின்மோட்டர் புரொப்

வேண்டவே வேண்டாம். இஞ்சின் அடியடியாக இழுக்கும், அந்த மெல்லிய அலகு உடைந்து பறக்கும். 46 இஞ்சின், அதாவது 7.5 சிசி வைத்திருப்பவர்கள் இஞ்சினுக்கென்று செய்த 10க்கு 6 அல்லது 11க்கு 5இல் தொடங்கலாம். புது இஞ்சின் பழகும்வரை கனத்த புரொப் கூடாது.

சமன் பார்க்காதது

பாரமான அலகை உப்புத்தாளால் கொஞ்சம் தேயுங்கள்.

பக்கவாட்டில் நிற்பது

ஓட்டிப் பார்க்கும்போது விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். அலகு உடைந்தால் பறப்பது பக்கவாட்டில்தான், வேடிக்கை பார்க்க வருகிற சின்னப் பிள்ளைகள் நிற்பதும் அங்கேதான். முதலில் அவர்களைப் பின்னுக்கு எடுங்கள்.