ஒன்ராறியோவில் மருத்துவமனைப் பில் வந்தால் எதைச் சரிபார்க்க வேண்டும்

ஒன்ராறியோவில் ஓஹிப் (மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி) காப்புள்ள ஒருவர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும்போது எவற்றுக்குப் பணம் கேட்கக்கூடாது என்பதை, மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டமும் அதன் 552ஆம் ஒழுங்குவிதியும் வரையறுக்கின்றன. பொது வார்டில் கட்டில், உணவு, தேவையான தாதியர் பராமரிப்பு, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, சத்திரசிகிச்சைக் கூடம், மருத்துவர் எழுதி உள்ளேயே கொடுக்கப்படும் மருந்துகள் யாவும் இதில் அடங்கும். வீடு திரும்பியபின் மருந்துக்கடையில் வாங்குபவை அடங்கா.

பெரும்பாலும் சிக்கல் அறையில்தான் தொடங்குகிறது. அனுமதிப் படிவத்தில் வார்டு, இருவர் அறை, தனியறை என்று கேட்டிருப்பார்கள். வேலையிடத்துக் காப்புறுதி இருக்கிறதே என்று பலர் இருவர் அறைக்கு அடையாளமிட்டுக் கையெழுத்து வைக்கிறார்கள். அந்தக் காப்புறுதி ஒரு பகுதியை மட்டும் கொடுத்தால், மீதி நோயாளியின் தலையில் விழும். உறுதியாகத் தெரியாதவரை வார்டையே குறியுங்கள். பெற்றோரை வார்டில் விடுவது குறைவு என்று பிள்ளைகள் எண்ண வேண்டியதில்லை, சிகிச்சை ஒன்றுதான். வார்டில் கட்டில் இல்லாததாலோ, தொற்றின் காரணமாக மருத்துவர் பணித்ததாலோ தனியறையில் வைக்கப்பட்டால் மேலதிகக் கட்டணம் இல்லை. அப்படியும் பில் வந்தால், பணம் கட்டுமுன் நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைக் கேளுங்கள்.

அம்புலன்சுக்கு வரும் 45 டொலர் சட்டப்படியானது. அவசியமற்ற பயணம் என்று மருத்துவர் கருதினால் அது 240 டொலராகும்.

முதியவர்கள் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. மருத்துவமனைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று மருத்துவர் தீர்மானித்த ஒருவருக்கு, அவருடைய சம்மதமின்றியே 70 கிலோமீற்றருக்குள் (வட ஒன்ராறியோவில் 150) உள்ள நீண்டகாலப் பராமரிப்பு இல்லமொன்றைத் தெரிவுசெய்ய 2022ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பலவந்தமாகக் கொண்டுசெல்ல முடியாது. ஆனால் இடம் கிடைத்து, வெளியேற்ற உத்தரவும் வந்தபின் போக மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். ஆகவே, அந்தக் கட்டத்துக்கு முன்பே விரும்பும் இல்லங்களின் பட்டியலைக் கொடுத்து, தாய் அல்லது தந்தைக்குத் தமிழ் மட்டுமே தெரியும், இன்ன உணவுதான் ஒத்துக்கொள்ளும் என்பதை, இல்லத்தில் இடம் ஒதுக்கும் பொறுப்புள்ள இட ஒழுங்கமைப்பாளரிடம் எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

காப்புக்குட்பட்ட சேவைக்கோ வரிசையில் முந்துவதற்கோ யாராவது பணம் கேட்டால், அதை 2004ஆம் ஆண்டின் மெடிகேர் எதிர்காலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. பற்றுச்சீட்டுடன் சுகாதார அமைச்சுக்கு முறையிடலாம். தவறாக வாங்கிய பணத்தை மீளப்பெற்றுத் தர அதற்கு அதிகாரம் உண்டு. பராமரிப்புப் பற்றிய குறைகளை முதலில் மருத்துவமனையின் நோயாளர் தொடர்புப் பிரிவிடமும், அங்கு தீராவிட்டால் நோயாளர் குறைகேள் அதிகாரியிடமும் கொண்டுசெல்லுங்கள்.