பெரிய வகுப்பில் செல்போன் வாக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் பெரிய வகுப்புகளில் செல்போன் வாக்கெடுப்பு (திரையில் வரும் கேள்விக்கு மாணவர்கள் போனில் விடையைத் தட்டுவது) நடத்துவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். வைஃபை, சார்ஜ் பிரச்சினைகளை அவர்களே சமாளித்துக்கொள்வார்கள். படிப்பையே கெடுக்கும் தவறுகள் வேறு; வாக்கெடுப்பிலும் உண்டு, இணையத் தேர்விலும் உண்டு.

வாக்கு விழும்போதே வரைபடத்தைக் காட்டுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. போன செமஸ்டரில் முதலாண்டு இயற்பியல் வகுப்பு. கேள்வி அருமையானது: லாரியும் சிறு காரும் நேருக்கு நேர் மோதுகின்றன, எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? திரையில் பட்டைகள் உயர ஆரம்பித்தன. முதலில் போட்டவர்கள் ‘லாரி’ என்றார்கள். பிறகு வந்தவர்கள் கேள்வியைப் படிக்கவே இல்லை, உயரமான பட்டையைப் பார்த்துத் தட்டினார்கள். என் பக்கத்திலிருந்த மாணவி ‘இரண்டும் சமம்’ என்று சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். அனுப்பும் முன் திரையை நிமிர்ந்து பார்த்தாள்; லாரிக்கு மாற்றிவிட்டாள். ஆசிரியரோ விடையைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மாற்றாமல் இருந்திருந்தால் அவள் பக்கத்துத் தோழியிடம் வாதாடியிருப்பாள். நியூட்டனின் மூன்றாம் விதி அந்த வாதத்தில்தான் மனதில் பதியும்.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 வாக்கில் தொடங்கிய முறை இதற்காகத்தான். முதலில் தனியாக யோசித்து வாக்கு. முடிவு ஆசிரியருக்கு மட்டும். 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால் பக்கத்திலிருப்பவரோடு பேசவிட்டு மறுவாக்கு. அதற்கும் கீழே போனால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதுதான். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். வகுப்புக்கு வரைபடம் கடைசியில்தான். மென்டிமீட்டர் என்ற வாக்கெடுப்புச் செயலியில் முடிவை மறைக்கும் வசதி இருக்கிறது; தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

சரியான வாக்குக்கு மதிப்பெண்

வேண்டாம். தெரிந்தவர் சொல்ல மற்றவர்கள் தட்டுவார்கள். கலந்துகொண்டதற்குக் கொடுங்கள், போதும்.

மூடுல் (இணையவழிப் பாடத் தளம்) தேர்வில் விடையை உடனே திறந்துவிடுவது

முதலில் முடித்தவரின் ஸ்கிரீன்ஷாட் அடுத்த நிமிடமே வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். தேர்வு மூடிய பிறகு மட்டும் விடை தெரியும்படி அமைப்பில் டிக் செய்யுங்கள்.

எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்

கூடாது. கேள்வி வங்கியிலிருந்து கலைத்துக் கொடுங்கள்.

மூடுலின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்காமலே மதிப்பெண்ணை வெளியிடுவது

நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாகப் போட்ட கேள்வி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கே நீங்கள் கொடுத்த விடைக்குறிப்பே தப்பாக இருக்கும், அல்லது கேள்வியில் இரண்டு பொருள் இருக்கும். குறிப்பைத் திருத்தி மறுமதிப்பீடு கொடுத்தால் எல்லாருடைய மதிப்பெண்ணையும் மூடுலே திரும்பக் கணக்கிட்டுவிடும்.