சி++ கிளாஸுக்குள் பாயின்ட்டர் இருந்தால்: டீப் காப்பி எழுதும் முறை

ஒரு பெயரை வைத்துக்கொள்ள கிளாஸ் எழுதுகிறீர்கள். உள்ளே ஒரு கேரக்டர் பாயின்ட்டர் (எழுத்துகள் இருக்கும் மெமரி முகவரி), ஒரு நீளம். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர், 'நியூ' போட்டு ஹீப்பில் (கேட்டு வாங்கும் மெமரிப் பகுதியில்) இடம் வாங்குகிறது. அது அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டர் 'டெலீட்' போட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. இதோடு நிறுத்தினால் புரோகிராம் ஓடும், ஆனால் முதல் காப்பி வரைக்கும்தான்.

ஒரு ஆப்ஜெக்டிலிருந்து இன்னொன்றை உருவாக்கும் காப்பி கன்ஸ்ட்ரக்டரை நீங்கள் எழுதாவிட்டால் கம்பைலரே ஒன்று போட்டுக்கொள்ளும். அது பாயின்ட்டரில் உள்ள முகவரியை மட்டும் நகலெடுக்கும். 'அ' என்ற ஆப்ஜெக்டின் காப்பி 'ஆ' என்று வையுங்கள்: 'அ'வின் பாயின்ட்டரில் 5000 என்று இருந்தால் 'ஆ'விலும் 5000. ஸ்கோப் முடியும்போது கடைசியில் பிறந்த 'ஆ' முதலில் அழிந்து 5000ஐ விடுவிக்கும். பிறகு 'அ'வும் அதே 5000ஐ விடுவிக்கப் பார்க்கும். லினக்ஸில் பெரும்பாலும் 'டபுள் ஃப்ரீ' என்று கத்திவிட்டு நிற்கும். நிற்காமல் ஓடினால்தான் ஆபத்து. ஃபங்ஷனுக்கு ரெஃபரன்ஸ் இல்லாமல் ஆப்ஜெக்டை அனுப்பினாலும் இதே கதை.

காப்பி கன்ஸ்ட்ரக்டரில் செய்ய வேண்டியது: நீளத்தை எடுங்கள், நீளம் + 1 பைட் புதிதாக வாங்குங்கள், உள்ளடக்கத்தை அதில் நகலெடுங்கள். முகவரியை அல்ல, உள்ளடக்கத்தையே நகலெடுக்கும் இதுதான் டீப் காப்பி. அந்த 1, கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு. நீளம் என்பது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. யுடிஎஃப்-8இல் 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. மெமரியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. ஆக 16 பைட் வாங்க வேண்டும்.

கன்ஸ்ட்ரக்டரில் மெம்பர்களுக்கு ஆரம்ப மதிப்பு தரும் இனிஷியலைசர் லிஸ்டில் ஒரு பொறி உண்டு. மெம்பர்களுக்கு மதிப்பு ஏறுவது கிளாஸில் அறிவித்த வரிசையில். லிஸ்டில் எழுதிய வரிசையில் அல்ல. பாயின்ட்டரை மேலே, நீளத்தை கீழே அறிவித்துவிட்டு, நீள மெம்பரை வைத்து இடம் வாங்கினால் குப்பை எண்ணுக்கு இடம் கேட்பீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு '=' போடும்போது ஓடும் அசைன்மென்ட் ஆபரேட்டரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இங்கே இடது பக்கத்தில் ஏற்கெனவே மெமரி இருக்கிறது, விடுவிக்காவிட்டால் லீக், அதாவது அந்த மெமரி வீணாகத் தங்கிவிடும். ஆனால் முதலில் விடுவித்துவிட்டுப் புதிதாகக் கேட்டு, 'நியூ' இடம் கிடைக்காமல் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிந்தால், கையில் இருப்பது செத்த முகவரி. எனவே வரிசை இப்படி: புதிய இடம் வாங்கு, நகலெடு, பழையதை விடுவி, பாயின்ட்டரையும் நீளத்தையும் மாற்று. 'அ = அ' என்று யாராவது எழுதினாலும் இந்த வரிசை தாங்கும். வாங்கியது 'நியூ[]' என்றால் விடுவிப்பதும் 'டெலீட்[]' ஆகவே இருக்கட்டும்.

சி++11 முதல் மூவ் கன்ஸ்ட்ரக்டரும் மூவ் அசைன்மென்டும் சேர்ந்துகொண்டன. மூவில் நகலெடுக்காமல் பாயின்ட்டரைப் பறித்துக்கொண்டு, கொடுத்தவரிடம் எதையும் சுட்டாத 'நல்பாயின்ட்டர்' வைத்துவிட்டு, நீளத்தையும் பூஜ்யமாக்குங்கள். எக்ஸெப்ஷன் எறியாது என்று உறுதி தரும் 'நோஎக்ஸெப்ட்' போட மறந்தால், வெக்டர் பெரிதாகும்போது மூவ் செய்யாமல் எல்லாவற்றையும் காப்பி செய்யும்.

எழுதி முடித்ததும் ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலரில், மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி, டீபக் தகவலோடு கம்பைல் செய்யுங்கள். இரட்டை விடுவிப்பு நடந்தால் எந்த வரியில் வாங்கினீர்கள், எங்கே முதலில் விட்டீர்கள், எங்கே மறுபடி விட்டீர்கள் என மூன்றையும் காட்டிக் கொடுக்கும்.

வெறும் பெயர்தான் வேண்டுமென்றால், பாயின்ட்டரை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஸ்ட்ரிங்கைப் போடுங்கள். மேலே சொன்ன ஐந்து ஃபங்ஷன்களில் (டிஸ்ட்ரக்டர், காப்பிக்கு இரண்டு, மூவுக்கு இரண்டு) ஒன்றுகூட எழுத வேண்டியதில்லை.